ஹேண்டில், சாவி, ரிமோட்... நடுவுல ஒரு கல்லு

ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்கா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

2006 மே மாசம். விக்கிரமசிங்கபுரத்தில் எங்க வீடு. துபாயிலிருந்து லீவுக்கு வந்த அத்தான் ஒரு அட்டைப் பெட்டியைக் கையில் கொடுத்தார். வழக்கமா சென்ட் பாட்டில், கோடாலித் தைலம், பேரீச்சம்பழம்னு வரும். அந்த வருஷம் எனக்கு வந்தது கார் அலாரம். வெறும் அலாரம் இல்லை, ரிமோட் ஸ்டார்ட்டும் சேர்ந்தது. பெட்டி மேலே ஒரு படம். பனியில் பாதி புதைஞ்ச கார். வீட்டுக்குள்ளே கோட்டு போட்ட வெள்ளைக்காரர் கையில் காபியோட பட்டனை அமுக்கிக்கிட்டு நிற்கிறார்.

பனி எங்கே, பாபநாசம் எங்கே! ஆனா கத்திரி வெயிலில் மூடிக் கிடந்த காருக்குள்ளே உட்கார்ந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், அது கார் இல்லை, இட்லிக் கொப்பரை. அவங்க எஞ்சினைச் சூடாக்கக் கண்டுபிடிச்சதை நாம சீட்டைக் குளிர வைக்கப் பயன்படுத்திக்கலாமேன்னு ஒரு நப்பாசை. கடையில் மாட்டக் கொடுத்தா காசு. நமக்குத்தான் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியுமே! நானே மாட்டுறதுன்னு முடிவு பண்ணியாச்சு.

வாசல் வேப்பமரத்தடியில் கயித்துக்கட்டிலில் தாத்தா. அப்போ அவருக்கு 81 வயசு. வாழ்க்கை பூரா பஸ்ஸும் லாரியும் ஓட்டினவர்.

"என்னத்தடே போட்டு நோண்டுத?"

"ரிமோட்டு தாத்தா. மாடில நின்னு பட்டனை அமுக்குனா போதும், கார் ஸ்டார்ட் ஆயிரும்."

"நியூட்ரல்ல கெடக்கான்னு யாருடே பாக்கது?"

நான் சிரிச்சேன். பதில் சொல்லலை. இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஹேண்டில் காலம்

தாத்தாவோட வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலா இருக்கும். சின்ன வயசில் அதைப் பிடிச்சு விளையாடுவேன். "எப்படி தாத்தா கோணிச்சு?"ன்னா, "குதிரை உதைச்சிட்டு"ம்பார். ரொம்ப நாள் நிஜக் குதிரைன்னே நம்பிக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அது எஞ்சின்.

ஹேண்டில் போடுறதைப் பார்க்காத தலைமுறைக்கு ஒரு சின்ன விளக்கம். பெட்ரோல் எஞ்சின் தானாகச் சுத்த ஆரம்பிக்காது. யாராவது முதல் சுற்றைச் சுத்திவிட வேண்டும். பிஸ்டன் மேலே போய் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியை அமுக்கின பிறகுதான் பொறி பறந்து, அது வெடித்து, வண்டி உயிர் பெறும். அந்த முதல் சுற்றுக்காக ஒரு இரும்புக் கம்பியை ரேடியேட்டருக்குக் கீழே உள்ள ஓட்டையில் செருகிச் சுத்துவார்கள். பொறி சரியான நேரத்தில் பறந்தால் எஞ்சின் ஓடும். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்னாலேயே பறந்துவிட்டால் எஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். ஹேண்டில் கையோட எதிர்த்திசையில் திரும்பும். பெருவிரலும் மணிக்கட்டும் அதுக்குத்தான் முதல் பலி.

அதனால் ஹேண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. தாத்தா எனக்கு அதைத் திருப்பதி லட்டு மாதிரி பிட்டுப் பிட்டுச் சொல்லியிருக்கார். பெருவிரலை ஹேண்டிலைச் சுத்தி மடக்காதே, மற்ற நாலு விரலோட ஒரே பக்கமா வை. மேலேயிருந்து அமுக்காதே, கீழேயிருந்து மேல்நோக்கி இழு. உதைச்சா கை தானா விட்டுப் போகும். பழைய வண்டியில் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த ஒரு லீவர் இருக்கும், அதைப் பின்னுக்குத் தள்ளிட்டு வா.

இது எல்லாத்துக்கும் முந்தின பாடம் ஒன்று. முன்னால் போகிறதுக்கு முன்னாடி கியர் லீவரைப் பிடிச்சு இடவலமா ஆட்டிப் பார். அது லூசா ஆடினால்தான் நியூட்ரல். ஆடலைன்னா வண்டி கியரில் கிடக்கு. கியரில் கிடக்கிற வண்டிக்கு ஹேண்டில் போட்டு அது ஸ்டார்ட்டும் ஆகிவிட்டால், எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுத்தும். முன்னால் நிற்கிறது நீ.

இது கதை இல்லை. உலகத்தையே காரில் ஏற்றின ஃபோர்டு மாடல் டி 1908-ல் வந்தது. அதில் குளிர் நேரத்தில் கியருக்குள் இருக்கிற எண்ணெய் கெட்டியாகி, விட்டும் விடாமலும் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட் ஆனதும் மெதுவாக முன்னால் நகர்ந்து, ஹேண்டில் போட்டவரையே ஷெட் சுவரோடு சேர்த்து அழுத்தும். தன் காராலேயே இடிபட்டவர்கள் அந்தக் காலத்தில் நிறைய.

கல்லாப்பெட்டிக்காரர் செய்த வேலை

இதுக்கு ஒரு முடிவு கட்டினவர் சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம் டேட்டன் ஊர்க்காரர். அவர் கதையில் எனக்குப் பிடிச்ச இடம், அவர் கார் கம்பெனியிலிருந்து வந்தவர் இல்லை என்பதுதான். கடைகளில் வைக்கிற கல்லாப்பெட்டி செய்யும் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். கையால் இயக்கின கல்லாப்பெட்டிக்கு மின்சார மோட்டார் வைத்தவர்.

எஞ்சினைச் சுத்த மின்சார மோட்டார் வைக்கலாமேங்கிற யோசனை அவருக்கு முன்னாலேயே பலருக்கு இருந்தது. "அவ்வளவு பெரிய எஞ்சினைச் சுத்த எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும், அதைத் தூக்க இன்னொரு வண்டி வேண்டுமே" என்று விட்டுவிட்டார்கள். கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தது. நாள் பூராவும் ஓடுகிற மோட்டாருக்குத்தான் பெரிய உடம்பு வேண்டும். ரெண்டு மூணு நொடி மட்டும் ஓடுகிற மோட்டார் சின்னதாக இருந்தாலும் தன் சக்திக்கு மேலே சுமக்கலாம், சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். இன்றைக்கும் நம்ம காரில் உள்ள ஸ்டார்ட்டர் மோட்டாரின் தத்துவம் அதுதான். சின்னக் காரிலேயே நூறு ஆம்பியருக்கு மேலே பேட்டரியிலிருந்து உறிஞ்சும். 'சாவியைத் திருப்பிக்கிட்டே நிக்காதே, பேட்டரி போயிரும்' என்று நம்மைத் திட்டுவது அதனால்தான்.

ஹேண்டில் உதைத்து நண்பர் ஒருவர் இறந்ததால் காடிலாக் கம்பெனியின் ஹென்றி லேலண்ட் மனசு நொந்து கெட்டரிங்கைக் கேட்டார் என்று ஒரு கதை ரொம்பப் பிரபலம். அதன் வருஷம், இடமெல்லாம் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். கதை எப்படியோ, 1912 மாடல் காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது மட்டும் நிச்சயம்.

அதே நேரத்தில் நம்ம ஊர்க்காரர்

இங்கே தாமிரபரணித் தண்ணி குடிச்சவன் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்.

கெட்டரிங் அங்கே மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே 1911-12 வாக்கில், இங்கே ஒருத்தர் ரயில்வேயிலும் வங்கியிலும் பார்த்த வேலையை விட்டுவிட்டு பஸ் தொழிலில் இறங்கினார். டி.வி. சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்கிற மூன்றெழுத்துக்குச் சொந்தக்காரர். 1877-ல் பிறந்தது திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில். அந்த டி.வி.எஸ். குடும்பம்தான் பிற்பாடு, 1961-ல், இங்கிலாந்தின் லூகாஸோடு கூட்டுச் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். கம்பெனியைத் தொடங்கி, சென்னை பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் செய்தது. ஹேண்டிலை நம்ம ஊர் வண்டிகளிலிருந்து ஒழித்துக்கட்டினதில் திருக்குறுங்குடிக்கு ஒரு பங்கு உண்டு!

ஸ்டார்ட்டருக்கு உயிர் பேட்டரி இல்லையா? அங்கேயும் நம்ம ஆட்கள்தான். ஆம்கோ பேட்டரி, சிம்ப்சன் எஞ்சின், டாஃபே டிராக்டர் எல்லாம் சேர்ந்த அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டின அனந்தராமகிருஷ்ணன் குடும்பம் ஆழ்வார்குறிச்சியோடு பந்தம் உள்ளது. கடனா நதிக்கரை, இப்போ தென்காசி மாவட்டம். கடனா நதி வந்து சேருகிறது தாமிரபரணியில்தானே. அவர் 1964-ல் காலமானார். பக்கத்துச் சிவசைலம் கோயில் அம்பாள் பெயரில் அங்கே பரமகல்யாணி கல்லூரி இருக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் படித்த கல்லூரி அது.

ஆனா செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததும் ஹேண்டில் உடனே ஒழிந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்கள் கரிவாயுவில் ஓடின. வண்டியில் ஒரு உருளை அடுப்பு. அதில் மரக்கரியைப் போட்டு, காற்றை அளவாக விட்டு, முழுசாக எரியவிடாமல் புகைய வைத்தால் வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுதான் எரிபொருள். சுந்தரம் ஐயங்கார் கம்பெனியே அந்தக் காலத்தில் கரிவாயு அடுப்புகளைத் தயாரித்தது.

தாத்தா தொழிலுக்கு வந்தது அப்போதுதான். 17 வயசு. திருநெல்வேலி - பாபநாசம் பஸ்ஸில் கிளீனர். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழி. விடிகாலையில் எழுந்து கரி அள்ளிப் போட்டு, காற்றாடியைக் கையால் சுத்தி, வாயு சரியாக வருகிறதா என்று பார்த்து, அப்புறம் ஹேண்டில். "செல்ஃபுன்னு ஒண்ணு இருக்கத்தான் செஞ்சுது. பேட்டரிக்கு எங்க போக?" என்பார். மணிக்கட்டைக் குதிரை உதைத்தது அந்தக் காலத்தில்தான்.

கிளீனருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பஸ் நிற்கிற இடமெல்லாம் குதித்து இறங்கி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடணும். பிரேக்கை நம்பிப் பிரயோஜனம் இல்லாத காலம். தாத்தா டிரைவரான பிறகும், ரிட்டையரான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எங்க தெரு மலையடிவாரச் சரிவு. என் காருக்கும் தினமும் ராத்திரி கீழ்ப்பக்கமா ஒரு கருங்கல்லை உருட்டி வைப்பார். காலையில் நான் அதைத் தள்ளிவிட்டுத் திட்டிக்கொண்டே வண்டியை எடுப்பேன். இந்தக் கல்லை ஞாபகம் வச்சுக்கோங்க.

சாவி வந்தது, திருடனும் வந்தான்

செல்ஃப் வந்த பிறகும் ரொம்ப காலம் சாவி வேறு, ஸ்டார்ட்டர் வேறு. மோரிஸ் மைனரில் சாவியைத் திருப்பிவிட்டு ஒரு குமிழை இழுக்கணும். சாவியையே திருப்பி ஸ்டார்ட் செய்கிற ஏற்பாட்டை கிறைஸ்லர் கம்பெனி 1949-ல் கொண்டுவந்தது. வசதிதான். ஆனால் சாவிக்குப் பின்னால் இருப்பது நாலைந்து வயர்கள் மட்டுமே. சாவி செய்கிற வேலை அந்த வயர்களை ஒன்றோடொன்று தொட வைப்பது. அதை ஒரு ஸ்குரூ டிரைவரும் செய்யும். சினிமாவில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ரெண்டு வயரை உரசுவார்களே, அது ரொம்பப் பொய் இல்லை.

அதுக்குப் பதில்தான் அலாரமும் இம்மொபிலைசரும். அலாரம் கத்தும், அவ்வளவுதான். இம்மொபிலைசர் கத்தாது, வண்டியைக் கிளம்ப விடாது. சாவித் தலைக்குள் அரிசி மாதிரி ஒரு சிப் இருக்கும். சாவி போடுகிற ஓட்டையைச் சுத்தி ஒரு காயில். சிப் சொல்கிற எண் சரியாக இருந்தால்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். ஐரோப்பாவில் 1998-லிருந்து புதுக் கார்களுக்கு இது கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 2001, கனடாவில் 2007. கட்டாயமாக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்தது. அமெரிக்காவில் இம்மொபிலைசர் இல்லாமல் விற்ற ஹூண்டாய், கியா மாடல்களை 2021-22 வாக்கில் பையன்கள் யு.எஸ்.பி. கேபிள் முனையை வைத்தே திருப்பி ஓட்டிப் போனார்கள்.

ரிமோட்டுக்கும் இதே ஓட்டப்பந்தயம்தான். ஆரம்பகால ரிமோட் ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணைத்தான் அனுப்பும். பக்கத்தில் நின்று பதிவு செய்தவன் திரும்ப அனுப்பினால் கதவு திறக்கும். அமுக்குகிற ஒவ்வொரு தடவையும் எண் மாறுகிற 'ரோலிங் கோடு' வந்தது. அதில் ரொம்பப் பரவின கீலாக் என்பது 1980களில் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, 1995-ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் கம்பெனிக்குக் கைமாறினது. அதையும் 2007-08-ல் ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். பூட்டும் சாவியும் சேர்ந்து வளர்கிற பிள்ளைகள், என்ன செய்ய!

நான் மாட்டினது

சரி, நம்ம பெட்டிக்கு வருவோம். மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், இன்சுலேஷன் டேப், ரெண்டு ஞாயிற்றுக்கிழமை. இதுதான் முதலீடு.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். ஸ்டீயரிங் அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழட்டினால் சாவி சுவிட்சிலிருந்து வருகிற வயர்கள் தெரியும். அப்புறம் பேட்டரியைத் திரும்ப மாட்டி மீட்டரால் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கணும். சாவி போடாமலே 12 வோல்ட் காட்டுவது பேட்டரி வயர். முதல் திருப்பலில் உயிர் பெற்று, ஸ்டார்ட் அடிக்கும்போது செத்துப் போவது ஆக்சஸரி. ஸ்டார்ட் அடிக்கும்போதும் சாகாமல் நிற்பது இக்னிஷன். ஸ்டார்ட் அடிக்கிற நொடி மட்டும் 12 காட்டுவது ஸ்டார்ட்டர் வயர். (ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் மஞ்சள் உறை போட்ட வயர் பக்கமே போகக்கூடாது.)

ரிமோட் ஸ்டார்ட் பெட்டி செய்வது சாவியைத் திருப்புகிற கையின் வேலையைத்தான். இக்னிஷனை ஆன் செய்யும். பெட்ரோல் பம்பு அழுத்தம் ஏற ஒரு ரெண்டு நொடி காத்திருக்கும். ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் கொடுக்கும். எஞ்சின் பிடித்துக்கொண்டது என்று தெரிந்ததும் விட்டுவிடும். பிடிக்கவில்லை என்றால் கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்ப முயற்சி செய்யும். மூணு தடவை.

கண் இல்லாத கை இது. அதனால் அதுக்குச் சில காவல் வயர்கள் கொடுத்திருப்பார்கள். பிரேக்கை மிதித்தால் எஞ்சின் நிற்கணும், அதுக்கு ஒன்று. பானெட் திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகக்கூடாது, அதுக்கு ஒன்று. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால்தான் ஸ்டார்ட் ஆகணும், அதுக்கு ஒன்று. நம்ம ஊர் மாதிரி கையால் கியர் போடுகிற வண்டிக்கு இன்னொரு ஏற்பாடும் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சாவியை எடுத்துவிட்டு இறங்கணும். கதவைச் சாத்தின பிறகுதான் எஞ்சின் தானாக நிற்கும். ஆள் இல்லாமல், கிளட்ச்சை யாரும் மிதிக்காமல் எஞ்சின் ஓடினதென்றால் வண்டி நியூட்ரலில் இருக்கிறது என்று அர்த்தம். அதுக்கப்புறம் ஒரு கதவு திறந்தாலும், யாராவது கியரைத் தொட்டிருக்கலாம் என்று நினைத்து ரிமோட் ஸ்டார்ட் ரத்தாகிவிடும். யோசித்துப் பாருங்க, தாத்தா கியர் லீவரை ஆட்டிப் பார்த்த அதே சோதனை!

நம்ம என்ன செய்தோம்? பானெட் சுவிட்சுக்கு ஓட்டை போடச் சோம்பல், விட்டாச்சு. ஹேண்ட்பிரேக் சுவிட்சு வயர் கைக்கு எட்டவில்லை, அதை நேராக பாடியில் எர்த் பண்ணியாச்சு. அதாவது, ஹேண்ட்பிரேக் எப்பவும் போட்டிருக்கு என்று பெட்டிக்கு ஒரு நிரந்தரப் பொய். இறங்கும்போது அந்தச் சடங்கெல்லாம் யார் செய்வது என்று, பெட்டியில் ஒரு சின்ன வயரை வெட்டி 'ஆட்டோமேட்டிக் கியர் வண்டி' என்று சொல்லியாச்சு. அது இன்னொரு பொய்.

என் பழைய காரில் இம்மொபிலைசர் இல்லை. இருந்திருந்தால் மூணாவதா ஒரு தப்பும் செய்திருப்பேன். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் ரிமோட் ஸ்டார்ட் வேலை செய்ய, பலபேர் இன்னொரு சாவியின் சிப்பை டாஷ்போர்டுக்குள்ளேயே ஒளித்து வைப்பார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிற மாதிரி. திருட்டுக்குப் பயந்து அலாரம் வாங்கி, அதை மாட்ட இருக்கிற பூட்டை உடைக்கிறது!

சைரன் மட்டும் அருமையாக வேலை செய்தது. எங்க ஊருக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து அருவியின் தண்ணி வேகத்தை நம்பி மில் கட்டினதிலிருந்து, மில் சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். என் கார் ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்தினதைக் கேட்டு எதிர்வீட்டு அண்ணாச்சி, "மில்லு சங்கு குட்டி போட்டிருக்கா தம்பி?" என்று கேட்டார் :-)

அந்தக் காலை

ஜூன் மாசம். ஞாயிற்றுக்கிழமை காலை. ராத்திரி லேட்டாக வந்து வண்டியைச் சரிவில் நிறுத்தியிருந்தேன். மூக்கு கீழ்ப்பக்கம். சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்கணும்னு டிரைவிங் பழகும்போதே சொல்லிக் கொடுத்த பழக்கம். தூக்கக் கலக்கத்தில் ஃபர்ஸ்ட் கியரில் போட்டேன். ஹேண்ட்பிரேக் கேபிள் தளர்ந்து கிடந்தது, அதை இழுக்கவில்லை.

காலையில் மாடியில் நின்று ரிமோட்டை அமுக்கினேன். ஊர் பார்க்கட்டும் என்கிற பெருமைதான், வேறென்ன.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. முன்னால் குதித்தது.

கியரில் கிடக்கிற வண்டிக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரே காலாகிவிடும். ரயில்வே கேட்டில் நின்றுபோன வண்டியை, ஃபர்ஸ்ட் கியரில் போட்டு சாவியைத் திருப்பியே நகர்த்துவது பழைய டிரைவர்களின் கடைசி வித்தை. அதே வித்தையை என் கார் ஆள் இல்லாமல் செய்தது.

பத்தடி கீழே, தெருவில் கோடு போட்டு, எதிர்வீட்டுப் பிள்ளை செல்லு விளையாடிக்கொண்டிருந்தாள். ஆறு வயசு. ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள், முதுகு காருக்கு.

டயர் கருங்கல்லில் மோதி நின்றது. எஞ்சின் திணறி அடங்கியது. எனக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அது மூணு தடவை முயற்சி செய்யும்.

ரிமோட்டில் நாலு பட்டன். எதை அமுக்கினேன் என்று தெரியாது. கதவு 'டக்'கென்று திறந்தது, ஹாரன் அடித்தது. ரெண்டாவது தடவை குதித்தது. படியில் இறங்கி ஓடுகிறேன். மூணாவது தடவை. டயர் கல்லில் பாதி ஏறி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே செத்தது.

நான் வாசலுக்கு வந்தபோது தாத்தா அந்தப் பிள்ளையைத் தூக்கி, கோணல் கையால் இடுப்பில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அதுக்கு ஒண்ணும் புரியவில்லை. "தாத்தா, எஞ் செல்லு காருக்கடில போயிட்டு" என்று அழுதது.

தாத்தா என்னைத் திட்டவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னது இவ்வளவுதான்.

"நாங்க தப்பு பண்ணுனா எங்க கைதாம்ல ஒடியும்."

இதைத்தான் சொல்ல வந்தேன்

பல வருஷமா அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ஹேண்டில் கொடுமையானதுதான். கெட்டரிங்குக்குக் கோயில் கட்டினாலும் தகும். ஆனால் ஹேண்டிலில் ஒரு நியாயம் இருந்தது. தப்பு செய்கிறவனும் அடிபடுகிறவனும் ஒரே ஆள். அதனால் கியரை ஆட்டிப் பார்க்காமல் எவனும் முன்னால் போகமாட்டான். செல்ஃப் வந்தபோது ஆள் முன்னாலிருந்து சீட்டுக்கு வந்தான். ஆனாலும் கால் கிளட்ச்சில் இருந்தது, கண் தெருவில் இருந்தது. ரிமோட் வந்தபோது ஆள் மாடிக்குப் போய்விட்டான். தப்பு அவனுடையது. கால் பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையது.

அந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் அத்தனை காவல் வயர். போன தலைமுறை கை ஒடிந்து கற்றதைத்தான் அவர்கள் வயராக மாற்றி வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றாக வெட்டினது வயரை இல்லை, அந்த அனுபவத்தை.

2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூவில் செல்போனிலிருந்தே ஸ்டார்ட் செய்கிற வசதி வந்தபோது, அதை ஆட்டோமேட்டிக் கியர் மாடலுக்குத்தான் கொடுத்தார்கள். விளம்பரத்தைப் பார்த்த நண்பர்கள் 'ஏன் மேனுவலுக்கு இல்லை'ன்னு கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரலை.

நீங்களும் சொந்தமா மாட்டப் போறீங்களா? அலாரத்தைத் தாராளமா மாட்டுங்க. சைரன் வாயைக் கீழ்நோக்கி வைங்க, தண்ணி நிக்காது. ஷாக் சென்சரை ஆடாமல் கட்டுங்க, இல்லைன்னா ஆனித் தேரோட்டத்து வெடிக்கெல்லாம் கத்தும். ரிமோட் ஸ்டார்ட் மட்டும் கியர் வண்டிக்கு வேண்டாம். மாட்டியே தீருவேன்னா, காவல் வயர் ஒன்றைக்கூட விடாமல், வெட்டாமல், பொய் சொல்லாமல் மாட்டுங்க.

அந்த வருஷம் ஆனித் திருவிழாவுக்கு திருநெல்வேலி டவுனுக்குப் போயிருந்தோம். நெல்லையப்பர் தேரை நீங்க பார்த்திருப்பீங்க. வடம் பிடிக்கிறவங்க ஆயிரக்கணக்கில். தேர் எப்படி வருதுன்னு வடம் பிடிக்கிறவனுக்குத் தெரியாது, அவன் முதுகு தேருக்கு. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே குனிஞ்சு நடக்கிற சிலபேர் கையில்தான் முட்டுக்கட்டை இருக்கும். தாத்தா அவங்களையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இவனுவதாம்டே கிளீனரு" என்றார்.

ஊருக்குத் திரும்பினதும் ரிமோட் ஸ்டார்ட் பெட்டியைக் கழட்டினேன். அலாரத்தை மட்டும் விட்டுவைத்தேன். தாத்தா போய் வருஷங்கள் ஆச்சு. கார் ரெண்டு மாறிவிட்டது. அந்தக் கருங்கல் மட்டும் இன்னும் வேப்பமரத்தடியில்தான் இருக்கு. ராத்திரி வந்து வண்டியை நிறுத்தினதும் நானே உருட்டிக்கொண்டு போய் வைக்கிறேன். என் பையன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

டிஸ்கி: எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் புதுசா ஒரு செல்லு வாங்கிக் கொடுக்க முடியுமா? ஓட்டுச் சில்லுதானே! ஆத்தங்கரையில் தேடி வழுவழுன்னு ஒண்ணு பொறுக்கிக் கொடுத்தேன். பழைய மாதிரி இல்லைன்னுட்டா.